புரதக் கட்டமைப்பில் அமினோ அமில எச்சங்களின் தொடுகைகளைப் பகுத்தாய்வது எப்படி: ஹீமோகுளோபினை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

புரதக் கட்டமைப்புக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால், அணுக்களின் பெயர்களும் ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று ஆயங்களும் வரிவரியாக இருக்கும். டைசல்பைடு (இரு கந்தக அணுக்களுக்கு இடையேயான பிணைப்பு) போன்ற ஒருசில பிணைப்புகளைத் தவிர, எந்த எச்சம் (புரதச் சங்கிலியில் கோத்திருக்கும் ஓர் அமினோ அமிலம்) எந்த எச்சத்தைத் தொடுகிறது என்ற செய்தி அதில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. தொடுகை என்பது அந்த ஆயங்களின்மேல் நாம் வகுத்துச் சுமத்தும் ஒரு வரையறை. ஆகவே வரையறை மாறினால் விடையும் மாறும். கணினி நிரலை எழுதுவது அரைநாள் வேலைதான். எதைத் தொடுகை என்று எண்ணுவது, எந்த மூலக்கூறில் எண்ணுவது என்ற இரண்டையும் சரியாக முடிவுசெய்வதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

முறையைக் கற்றுக்கொள்ள, விடை முன்பே தெரிந்த புரதத்தை எடுத்துக்கொள்வது நல்லது. மனித ஹீமோகுளோபின் அதற்கு ஏற்றது. இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்த இந்த மூலக்கூறு, ஆக்சிஜன் இல்லாதபோது ஒரு வடிவத்திலும் ஆக்சிஜன் ஏறியபின் மற்றொரு வடிவத்திலும் இருக்கிறது. வடிவம் மாறும்போது எந்தெந்தத் தொடுகைகள் அறுந்து எவை புதிதாக உருவாகின்றன என்பதை மேக்ஸ் பெருட்ஸ் 1970-இலேயே விளக்கினார். நம்முடைய நிரல் அந்த விடையைத் தருகிறதா என்று ஒவ்வொரு படியிலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதற்படி: கேள்வியை எழுதிக்கொள்ளுதல்

எந்தக் கோப்பையும் இறக்குவதற்கு முன், தொடுகைகளை எதற்காகத் தேடுகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைக்க வேண்டும். புரதம் மடியும் வேகத்தைக் கணிக்க வேண்டுமா, ஒரு திடீர்மாற்றம் ஏன் நோய் தருகிறது என்று அறிய வேண்டுமா, இரு சங்கிலிகள் சந்திக்கும் பரப்பை விவரிக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து வரையறை வேறுபடும். நமது கேள்வி இது: ஆக்சிஜன் ஏறும்போது சங்கிலிகளுக்கு இடையேயான எந்தத் தொடுகைகள் மாறுகின்றன? இந்தக் கேள்விக்கு, ஒவ்வோர் எச்சத்திலும் முதன்மைச் சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் நீளும் பக்கச்சங்கிலியின் அணுக்கள் வரை சென்று பார்க்க வேண்டியிருப்பதால், அந்தப் பக்கச்சங்கிலி கிளம்பும் இடமான ஆல்ஃபா கார்பன்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் எளிய வழி இங்கே பயன்படாது.

இரண்டாம் படி: கோப்பும் முழு மூலக்கூறும்

புரதத் தரவு வங்கியில் ஆக்சிஜனற்ற ஹீமோகுளோபினுக்கு 2எச்எச்பி என்ற பதிவு இருக்கிறது, பிரிதிறன் (எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடிகிறது என்ற அளவு) 1.74 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. ஆக்சிஜன் ஏறியதற்கு 1எச்எச்ஓ, பிரிதிறன் 2.1 ஆங்ஸ்ட்ராம். இரண்டும் 1980-களில் வெளியான பழைய பதிவுகள். எனினும் பயிற்சிக்கு இவற்றையே பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம், இவ்விரண்டிற்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழமாட்டார்.

2எச்எச்பி கோப்பில் நான்கு சங்கிலிகளும் உண்டு: ஏ, சி என்பவை ஆல்ஃபா, பி, டி என்பவை பீட்டா. 1எச்எச்ஓ கோப்பிலோ ஏ, பி என்ற இரண்டு சங்கிலிகள்தான் உண்டு. படிகவியலாளர் கோப்பில் வைப்பது சமச்சீரற்ற அலகை, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பின் தனித்த பகுதியை, மட்டுமே. அந்தப் படிகத்தில் மூலக்கூறின் மறுபாதி (ஓர் ஆல்ஃபாவும் ஒரு பீட்டாவும் சேர்ந்தது ஒரு பாதி), படிகச் சமச்சீர்மையால் முதற்பாதியிலிருந்து அப்படியே கிடைத்துவிடுவதால் அதைத் தனியே எழுதவேண்டிய தேவை இல்லை. உயிரணுவுக்குள் இருக்கும் முழு மூலக்கூறு வேண்டுமென்றால் 'உயிரியல் கூட்டமைப்பு' என்ற கோப்பை இறக்க வேண்டும், அல்லது கோப்பின் ரிமார்க் 350 பகுதியில் தரப்பட்டுள்ள சுழற்சி அணியைப் பயன்படுத்தி நாமே உருவாக்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டை நான் முதன்முதலில் செய்தபோது, ஆக்சிஜன் ஏறியதும் முதல் ஆல்ஃபாவுக்கும் மறுபாதியைச் சேர்ந்த இரண்டாம் பீட்டாவுக்கும் இடையேயான தொடுகைகள் ஒன்றுவிடாமல் மறைந்துபோவதைக் கண்டு மலைத்துப்போனேன். இரண்டு நாள் உட்கார்ந்து வண்ணப்படம்கூடத் தயாரித்துவிட்டேன். படத்தைப் பார்த்த மூத்த ஆய்வாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சங்கிலியை எண்ணிப் பார்த்தீர்களா?" இரண்டாம் பீட்டா என் கோப்பில் இல்லவே இல்லை. இல்லாத சங்கிலியோடு தொடுகை இருக்க வழியில்லை.

கூட்டமைப்புக் கோப்பை இறக்கிய பின்னும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. புரதத் தரவு வங்கியின் பழைய கோப்பு வடிவமான பிடிபி வடிவத்தில் மறுபாதி 'இரண்டாவது மாதிரி' என்ற பெயரில், அதே ஏ, பி எழுத்துகளோடு வரும். பைத்தான் மொழிக்கான உயிரியல் நிரல் தொகுப்பான பயோபைத்தானில் வழக்கமாகச் செய்வதுபோல் முதல் மாதிரியை மட்டும் எடுத்துக்கொண்டால் மறுபாதி மீண்டும் தொலைந்துபோகும். எம்எம்சிஐஎஃப் என்ற புதிய கோப்பு வடிவத்தில் நகல் சங்கிலிகளுக்கு வேறு பெயர் கிடைப்பதால் அதையே பயன்படுத்துவது பாதுகாப்பானது. எந்த வடிவமானாலும், மேலே செல்வதற்கு முன் எச்சங்களை எண்ணிவிடுங்கள். ஆல்ஃபாவில் 141, பீட்டாவில் 146. நான்கு சங்கிலிகளுக்கும் சேர்த்து 574 வர வேண்டும்.

மூன்றாம் படி: கோப்பைச் சீர்செய்தல்

ஒரே அணுவுக்கு இரண்டு இடங்கள் தரப்பட்டிருந்தால், இருப்பு விகிதம் அதிகமுள்ளதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் ஒரே பக்கச்சங்கிலி இரண்டு பக்கத்திலும் தொடுவதாகக் கணக்கு வரும். எக்ஸ்கதிர்ப் பதிவுகள் பெரும்பாலானவற்றில் ஹைட்ரஜன் இருக்காது, சிலவற்றில் இருக்கும். இரு கோப்புகளை ஒப்பிடும்போது இரண்டிலும் ஹைட்ரஜனை நீக்கிவிட்டு, கன அணுக்களை மட்டும் வைத்து வேலை செய்வதே நேர்மையான வழி. அணுக் கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் கிடைத்த பதிவுகளில் பல மாதிரிகள் இருக்கும். அங்கே எத்தனை விழுக்காடு மாதிரிகளில் தொடுகை இருக்கிறது என்று சொல்வதே சரி.

நீர் மூலக்கூறுகளை நீக்கும்போது, 'புரதமல்லாத அணுக்கள்' அனைத்தையும் ஒரே கட்டளையில் துடைத்தெடுப்பது பலருக்குப் பழக்கம். ஹீமோகுளோபினில் அப்படிச் செய்தால், இரும்பணுவைத் தாங்கி ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீம் குழுவும் போய்விடும். இரும்பணுவைப் பிடித்திருக்கும் ஆல்ஃபாவின் ஹிஸ்டிடின் 87-ம் பீட்டாவின் ஹிஸ்டிடின் 92-ம் எதையும் தொடாமல் வெறுமனே நிற்பதுபோல் தோன்றும். செலினோமெத்தியோனின் (கந்தகத்துக்குப் பதில் செலினியம் உள்ள மெத்தியோனின்) உள்ள புரதங்களிலும் இதே விபத்து நேரும், ஏனென்றால் அந்த எச்சமும் புரதமல்லாத அணுக்களின் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கும்.

எச்ச எண்களையும் இந்தக் கட்டத்திலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அரிவாளணு நோயில் மாறும் பீட்டா எச்சம் கட்டமைப்புக் கோப்பில் 6. மரபணுத் தரவுத்தளங்களில் அதுவே 7. சங்கிலியின் தொடக்கத்தில் இருந்து பின்னர் வெட்டப்படும் மெத்தியோனினை மரபணுத் தரவுத்தளங்கள் எண்ணுகின்றன, கட்டமைப்புக் கோப்புகள் எண்ணுவதில்லை.

நான்காம் படி: தொடுகைக்கு வரையறை

இரண்டு எச்சங்களுக்கு இடையேயான தூரத்தை அளக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையேயான தூரம் முதலாவது. எளிது, விரைவு, ஆனால் பக்கச்சங்கிலி எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்பதை அது அறியாது. பக்கச்சங்கிலியின் முதல் கார்பனான பீட்டா கார்பன்களுக்கு இடையேயான தூரம் இரண்டாவது. பக்கச்சங்கிலி கிளம்பும் திசையை இது ஓரளவு சொல்லிவிடும். கட்டமைப்புக் கணிப்புப் போட்டியான காஸ்ப் இதையே ஏற்று 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்கிறது. கிளைசினுக்குப் பீட்டா கார்பன் கிடையாது என்பதால் அங்கே மட்டும் ஆல்ஃபா கார்பன் கொள்ளப்படும். மூன்றாவது வழி, இரண்டு எச்சங்களின் கன அணுக்களில் மிக நெருங்கிய இரண்டுக்கு இடையேயான தூரத்தை எடுத்து, 4 அல்லது 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்பது.

நமது கேள்விக்கு மூன்றாவதே பொருந்தும். ஆர்ஜினினின் பக்கச்சங்கிலி முழுமையாக நீண்டால் அதன் முனை, ஆல்ஃபா கார்பனிலிருந்து ஏறத்தாழ 7 ஆங்ஸ்ட்ராம் தள்ளிப்போய்விடும். அந்த முனையில் உப்புப் பாலம் (நேர்மின், எதிர்மின் குழுக்களுக்கு இடையேயான ஈர்ப்பு) ஒன்று உறுதியாக இருந்தாலும், இரு ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையே 10 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இருக்கக்கூடும். 8 என்ற வரம்பு அதைக் காணாமலே கடந்துவிடும்.

4.5 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம். இரண்டு கார்பன் அணுக்களின் வான் டெர் வால்ஸ் ஆரங்களை (பிணையாத அணு அடைக்கும் இடத்தின் ஆரம்) கூட்டினால் 3.4 ஆங்ஸ்ட்ராம், அதற்குமேல், இடையே நீர் மூலக்கூறு ஒன்று நுழைய இடமில்லாத அளவுக்குச் சலுகை கொடுத்தால் இந்த எண்ணை அடையலாம். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியின் மறுபக்கம் சென்னையில் விடை கண்டது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட வரைபடம், பிணையாத இரு அணுக்கள் எந்தத் தூரத்துக்குக் கீழே நெருங்க முடியாது என்ற பட்டியலிலிருந்து பிறந்தது. இரு கார்பன்களுக்கு இயல்பு எல்லை 3.2, இறுதி எல்லை 3.0 ஆங்ஸ்ட்ராம். உங்கள் பட்டியலில் பிணையாத இரு கார்பன்கள் 3.0-க்கும் கீழே வந்தால், அதைத் தொடுகை என்று மகிழாமல் கட்டமைப்பில் பிழை என்று ஐயுறுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கிடுதல்

574 எச்சங்களுக்கு 1,64,451 இணைகள். சுமார் 4,400 கன அணுக்களுக்கு ஏறத்தாழ 96 லட்சம் இணைகள். இன்றைய கணினிக்கு இது பெரிய சுமையல்ல என்றாலும், மூலக்கூறு இயக்கப் பாவனையின் ஆயிரக்கணக்கான சட்டகங்களுக்கு இதையே திரும்பத் திரும்பச் செய்ய நேர்ந்தால் சுமைதான். ஆகவே இடத்தைப் பகுத்து வைத்துக்கொண்டு அருகிலுள்ளவற்றை மட்டும் தேடும் கேடி மரத்தைப் பயன்படுத்துவது வழக்கம். பயோபைத்தானின் நெய்பர்சர்ச் வகுப்பு இதைச் செய்கிறது: அணுக்களின் பட்டியலைக் கொடுத்து, 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ள எல்லா அணு இணைகளையும் கேட்டு வாங்க வேண்டும். கிடைத்த ஒவ்வோர் இணையிலும் சங்கிலிப் பெயர், எச்ச எண், எச்ச வகை, அணுப் பெயர், தூரம் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் வரியாக எழுதிவையுங்கள். எச்ச அளவில் சுருக்குவதை அதன் பிறகு செய்யுங்கள். முதலிலேயே சுருக்கிவிட்டால் எந்த அணு எதைத் தொட்டது என்பதைப் பின்னர் மீட்க முடியாது.

வரிசையில் அடுத்தடுத்துள்ள எச்சங்கள் எப்படியும் தொட்டுக்கொண்டிருக்கும். அவற்றின் ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையே பெரும்பாலும் ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம்தான். சங்கிலி திருகுபோல் சுற்றியிருக்கும் ஆல்ஃபா சுருளில் நான்கு எச்சம் தள்ளியிருப்பவையும் அப்படியே. ஆகவே எண் வேறுபாடு நான்குக்குக் குறைவானவற்றை, அல்லது சுருளுக்குள் அமையும் தொடுகைகளே வேண்டாமென்றால் ஐந்துக்குக் குறைவானவற்றை, விட்டுவிடுவது மரபு. இந்த வடிகட்டியை ஒரே சங்கிலிக்குள் மட்டுமே போட வேண்டும். ஆக்சிஜனற்ற ஹீமோகுளோபினில் முதல் ஆல்ஃபாவின் அஸ்பராஜின் 97-ம் இரண்டாம் பீட்டாவின் அஸ்பார்டிக் அமிலம் 99-ம் ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கின்றன. சங்கிலியைப் பார்க்காமல் எண்களை மட்டும் கழித்துப் பார்க்கும் நிரல், வேறுபாடு இரண்டு என்று சொல்லி இந்த முக்கியமான தொடுகையைத் தூக்கி எறிந்துவிடும். ஓசையில்லாமல் நடக்கும் பிழை இது. பிழைச்செய்தி எதுவும் வராது.

ஆறாம் படி: வகை பிரித்தல்

நெருக்கம் என்பது ஒன்று, வேதியியல் என்பது வேறொன்று. ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்கும் அணுவும் வாங்கும் அணுவும் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும். கோணமும் ஏறத்தாழ நேராக இருக்க வேண்டும். உப்புப் பாலத்துக்கு நேர்மின் நைட்ரஜனும் எதிர்மின் ஆக்சிஜனும் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள். டைசல்பைடில் இரு கந்தகங்களுக்கு இடையே சுமார் 2.05. நீர்வெறுக்கும் தொடுகைக்குப் பக்கச்சங்கிலிக் கார்பன்கள் 4.5-க்குள். நறுமண வளையங்கள் அடுக்கடுக்காகவோ செங்குத்தாகவோ அமைவதற்கு, வளைய மையங்களுக்கு இடையே 4.5 முதல் 7 வரை.

இந்த எண்களைவிட, உப்புப் பாலத்தின் வரையறையில்தான் கவனம் வேண்டும். ஒருபுறம் லைசின் அல்லது ஆர்ஜினின், மறுபுறம் அஸ்பார்டிக் அல்லது குளூட்டாமிக் அமிலம் என்பதே பெரும்பாலான சிறு நிரல்கள் வைத்திருக்கும் வரையறை. பெருட்ஸ் எடுத்துக்காட்டிய முதன்மையான நான்கு வகைப் பாலங்களின்மேல் அதைப் போட்டுப் பாருங்கள். பீட்டாவின் கடைசி எச்சமான ஹிஸ்டிடின் 146-இன் கார்பாக்சில் முனை, அடுத்த பாதியின் ஆல்ஃபா லைசின் 40-ஐப் பிடித்திருக்கிறது. அதே ஹிஸ்டிடினின் வளையம் தன் சங்கிலியின் அஸ்பார்டிக் அமிலம் 94-ஐப் பிடித்திருக்கிறது. ஆல்ஃபாவின் கடைசி எச்சமான ஆர்ஜினின் 141-இன் கார்பாக்சில் முனை மற்ற ஆல்ஃபாவின் லைசின் 127-ஐயும், அதன் பக்கச்சங்கிலி அந்த ஆல்ஃபாவின் அஸ்பார்டிக் அமிலம் 126-ஐயும் பிடித்திருக்கின்றன. நான்கில் கடைசி ஒன்று மட்டுமே வழக்கமான வரையறைக்குள் வருகிறது. சங்கிலி முனையின் கார்பாக்சிலையும் அமினோ முனையையும் மின்னூட்டமுள்ளவையாகச் சேர்த்து, ஹிஸ்டிடினை ஐயத்துக்குரிய நேர்மின் எச்சம் என்று தனிக்குறியிட்டால்தான் மற்ற மூன்றும் தெரியும். ஹிஸ்டிடின் உடலின் பிஎச் அளவில் மின்னூட்டம் பெறவும் இழக்கவும் கூடியது. ஹிஸ்டிடின் 146 அப்படிப் புரோட்டானைப் பெறுவது, கிறிஸ்டியன் போர் என்ற அறிவியலாளரின் பெயர்கொண்ட 'போர் விளைவின்' (அமிலத்தன்மை கூடும்போது ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடுவது) ஒரு பகுதி.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அஸ்பராஜின், குளூட்டமின் ஆகியவற்றின் முனையில் நைட்ரஜன் எது ஆக்சிஜன் எது என்பதை வழக்கமான பிரிதிறனில் எக்ஸ்கதிர் பிரித்துக்காட்டாது. அவை தலைகீழாக வைக்கப்பட்டிருக்கலாம். மால்ப்ராபிட்டி போன்ற கருவியால் இதைச் சோதித்துத் திருத்திய பின்னரே ஹைட்ரஜன் பிணைப்புகளை எண்ணுவது நல்லது.

ஏழாம் படி: இரண்டு நிலைகளை ஒப்பிடுதல்

தொடுகைகள் மூலக்கூறுக்குள்ளேயே அளக்கப்படுவதால், இரு கட்டமைப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தவேண்டிய அவசியம் இல்லை. இந்த முறையின் பெரிய வசதி இதுதான். இரண்டு அட்டவணைகளையும் எடுத்து, இரண்டிலும் உள்ளவை, முதலாவதில் மட்டும் உள்ளவை, இரண்டாவதில் மட்டும் உள்ளவை என்று பிரித்தால் போதும். ஆனால் 2 ஆங்ஸ்ட்ராம் அளவிலான பிரிதிறனில், நன்கு ஒழுங்குற்ற அணுவின் இடத்திலேயே 0.2 முதல் 0.3 ஆங்ஸ்ட்ராம் வரை ஐயம் இருப்பது இயல்பு. ஒரு கோப்பில் 4.4, மற்றதில் 4.6 என்று வரும் இணையை 'அறுந்த தொடுகை' என்று எழுதுவது அளவுகோலின் நடுக்கத்தைச் செய்தியாக்குவதாகும். நான் பின்பற்றும் வழி: ஒன்றில் 4-க்குள்ளும் மற்றதில் 5-க்கு வெளியேயும் இருந்தால் மட்டுமே மாற்றம் என்று எழுதுவேன், இடைப்பட்டவற்றைத் தனிப் பட்டியலில் வைத்து, மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் பைமால் அல்லது கைமேராஎக்ஸ் மென்பொருளில் கண்ணால் பார்ப்பேன்.

ஒரே பாதிக்குள் உள்ள ஆல்ஃபா-பீட்டா சந்திப்பில் மாற்றம் குறைவு. இரு பாதிகளுக்கும் இடையேயுள்ள ஆல்ஃபா-பீட்டா சந்திப்பில்தான் எல்லாம் நடக்கிறது. ஆக்சிஜன் ஏறும்போது ஒரு பாதி மற்றதைச் சார்ந்து சுமார் 15 பாகை திரும்புகிறது. எந்த எச்சம் எதைத் தொடுகிறது என்பதைக் கட்டங்களாகக் காட்டும் தொடுகை வரைபடத்தில் பீட்டா ஹிஸ்டிடின் 97-க்குரிய வரியை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆக்சிஜனற்ற நிலையில் அது ஆல்ஃபாவின் திரியோனின் 41-க்கும் புரோலின் 44-க்கும் இடையில் செருகியிருக்கிறது. ஆக்சிஜன் ஏறியதும் புரோலின் 44-ஐ விட்டுவிட்டு, திரியோனின் 38-க்கும் 41-க்கும் இடையில் போய் அமர்கிறது. சுருளின் ஒரு சுற்று அளவுக்குத் தாவல்; இடையில் நிற்க இடமில்லை. ஹீமோகுளோபின் இரண்டு நிலைகளுக்கு நடுவே தயங்கி நிற்காததன் காரணம் இந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

எட்டாம் படி: திடீர்மாற்றங்களால் சரிபார்த்தல்

பட்டியல் கிடைத்துவிட்டால், அதில் உள்ள தொடுகை உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டும். இயற்கையே சில சோதனைகளைச் செய்துவைத்திருக்கிறது. பீட்டா அஸ்பார்டிக் அமிலம் 99, ஆக்சிஜனற்ற நிலையில் ஆல்ஃபாவின் டைரோசின் 42-ஐயும் அஸ்பராஜின் 97-ஐயும் பிடித்திருக்கிறது. கெம்ப்சி என்ற திடீர்மாற்ற ஹீமோகுளோபினில் அந்த இடத்தில் அஸ்பராஜின் வந்துவிடுவதால் ஆக்சிஜனற்ற வடிவம் தளர்ந்து, மூலக்கூறு ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் ஏறிய நிலையிலோ பீட்டா அஸ்பராஜின் 102, ஆல்ஃபா அஸ்பார்டிக் அமிலம் 94-ஐப் பிடித்திருக்கிறது. கான்சாஸ் என்ற மற்றொரு திடீர்மாற்ற ஹீமோகுளோபினில் 102 திரியோனினாக மாறி இந்தப் பிடி இல்லாமல் போவதால், ஆக்சிஜனைப் பற்றும் திறன் குறைகிறது. உங்கள் 'அறுந்தவை' பட்டியலில் முதல் தொடுகைகளும் 'புதியவை' பட்டியலில் இரண்டாவதும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன படிகளில் ஏதோ ஒன்றில் வழுக்கியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது இரண்டாம் படியாகத்தான் இருக்கும்.

சங்கிலிக்குள் உள்ள தொடுகைகளை ஒரே எண்ணாகச் சுருக்க விரும்புவோருக்கு இரண்டு அளவைகள் உண்டு. பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் ஆகியோர் 1998-இல் முன்வைத்த தொடுகை வரிசை, தொடும் எச்சங்களுக்கு இடையேயான சராசரி வரிசைத் தூரத்தைச் சங்கிலியின் நீளத்தால் வகுக்கிறது. குரோமிகாவும் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் செல்வராஜும் 2001-இல் தந்த நெடுந்தூர வரிசை, 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தும் வரிசையில் 12 எச்சங்களுக்கு மேல் விலகியுள்ள இணைகளை மட்டும் எண்ணுகிறது. இரண்டும் சிறு புரதங்கள் மடியும் வேகத்தைக் கணிப்பதற்கானவை. நமது சந்திப்புப் பரப்புக் கேள்விக்கு இவை விடை தரமாட்டா.

ஒன்பதாம் படி: மூலக்கூறுக்கு வெளியே

படிகத்துக்குள் ஒரு மூலக்கூறு அடுத்த மூலக்கூறையும் தொட்டுக்கொண்டிருக்கும். அவை பெரும்பாலும் படிகம் உருவானதன் விளைவுகளே என்பதால், வழக்கமாக அவற்றை விலக்கிவிடுகிறோம். எது மெய்யான சந்திப்பு, எது படிகத்தின் தற்செயல் என்று பிரிக்கப் பைசா என்ற சேவை உதவும். ஆனால் விலக்கிவிடக் கூடாத ஒரு படிகத் தொடுகையும் ஹீமோகுளோபினிலேயே இருக்கிறது.

நீலகிரிப் பழங்குடி மக்களிடையே 1952-இல் பதிவுசெய்யப்பட்ட அரிவாளணுப் பண்பில், பீட்டாவின் ஆறாம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் வாலினாக மாறியிருக்கிறது. அந்த ஹீமோகுளோபினின் ஆக்சிஜனற்ற கட்டமைப்பு 2எச்பிஎஸ் என்ற பதிவில் உள்ளது. அதன் சமச்சீரற்ற அலகில் முழு மூலக்கூறுகள் இரண்டு இருக்கின்றன. இதுவரை எழுதிய நிரலை இந்தக் கோப்பின்மேல் ஓட்டி, இரு மூலக்கூறுகளுக்கும் இடையேயான இணைகளை மட்டும் கேளுங்கள். ஒரு மூலக்கூறின் வாலின் 6, அடுத்த மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் ஃபீனைல்அலனின் 85-ம் லியூசின் 88-ம் சேர்ந்து அமைக்கும் குழிக்குள் அமர்ந்திருப்பது அட்டவணையில் வரும். சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் இழைகளாகக் கோத்துக்கொள்வது இந்தத் தொடுகையால்தான். 'ஒரே மூலக்கூறுக்குள் மட்டும்' என்ற வடிகட்டியை எடுக்க மறந்திருந்தால் அட்டவணை வெறுமையாக வரும்.